போகாத நாளுக்கு என்ன போடுவது?

ஜூலை 7, திங்கள்

ஒன்பதாம் வகுப்புப் புள்ளியியலைப் புத்தகத்தில் தொடங்காமல் பாம்பன் கரையில் தொடங்கலாம் என்றெண்ணி, நாட்டுப்படகுகள் கொண்டுவரும் நண்டை ஒரு வாரம் கூடைக்கணக்கில் குறித்துவரச் சொல்லியிருந்தேன். இன்று வந்த நோட்டுகளில் ஒன்றில் உப்புநீர் பட்டு மை கலைந்திருந்தது. அதுவே எனக்கு மிகவும் பிடித்த நோட்டு.

வரைபடத்தில் ஒரு மாணவி, கூடை இரட்டித்த நாளுக்கு நண்டை இருமடங்கு உயரமும் இருமடங்கு அகலமுமாக வரைந்திருந்தாள். கட்டத்தாளில் கட்டங்களை எண்ணச் சொன்னேன். சிறிய நண்டு 4 கட்டங்களையும் பெரியது 16 கட்டங்களையும் அடைத்திருந்தன. “அப்போ நான் நாலு மடங்குன்னு பொய் சொல்லிட்டேனா சார்?” என்றாள்.

ஜூலை 9, புதன்

ஒரு கூடைக்கு ஒரு நண்டு, எல்லாம் ஒரே அளவு, வரிசையாக. 1925இல் வியன்னாவில் சமூகப் பொருளாதார அருங்காட்சியகத்தை நிறுவிய ஓட்டோ நொய்ராத், தொகை கூடினால் படத்தைப் பெரிதாக்காமல் படங்களின் எண்ணிக்கையைக் கூட்ட வேண்டும் என்று வகுத்த விதியும் இதுவே. அதை முன்கூட்டியே சொல்லாமல், அவர்களாகவே இந்த வரிசைக்கு வந்துசேர்ந்த பிறகுதான் சொன்னேன்.

ஜூலை 11, வெள்ளி

கச்சான் காற்று பலமாக வீசியதால் தென்கடல் பக்கத்துப் படகுகள் இரண்டு நாள் இறங்கவில்லை. அந்த நாள்களுக்குச் சிலர் சைபர் போட்டிருந்தனர். சிலர் முந்தைய நாளையும் பிந்தைய நாளையும் நேர்கோட்டால் இணைத்து, இடையில் ஒன்றுமே நடவாததுபோல் காட்டியிருந்தனர். “போயும் கிடைக்காததும் போகாததும் ஒண்ணா சார்?” என்று பின்வரிசையிலிருந்து கேள்வி வந்தது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடையுள்ள 61 நாள்களுக்கும் இப்படிச் சைபர் போட்டால், வெளியூர்க்காரர் கடலில் மீனே இல்லையென்று படித்துவிடுவார் என்றேன். உண்மையில் பிழை என்னுடையது. தேதி, கூடை என இரண்டு பத்திகள் மட்டுமே கொண்ட அட்டவணையை வரைந்து கொடுத்தவன் நானே. எத்தனை படகுகள் போயின என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை.

ஜூலை 14, திங்கள்

மூன்றாம் பத்தி சேர்ந்தது. படகு இறங்காத நாள்களைச் சாய்கோடிட்டுக் காட்டி, சார்ட் அட்டையில் பெரிதாக வரைந்து, ஏலம் நடக்கும் கொட்டகையின் தூணில் கட்டினோம். நண்டு வாங்கும் அம்மா ஒருவர் ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, சாய்கோட்டைத் தொட்டு, “கச்சான் அடிச்ச நாளு” என்று தாமாகவே வாசித்தார். நான் மகிழ்ந்து முடிப்பதற்குள், “ஏம்மா, எங்கூடையும் அந்தாளு கூடையும் ஒரே அளவா?” என்று கேட்டார்.

இரண்டு கூடைகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம், அளவு ஒன்றில்லை. நாளைக் காலைக்கு ஆய்வகத்து வில்தராசை இரவல் கேட்டிருக்கிறோம்.