ஜெர்மன் அலுவலகத்தில் அமெரிக்கச் சக ஊழியர்

அமெரிக்கத் தலைமையகத்தோடு சேர்ந்து வேலை செய்யும் ஜெர்மன் அலுவலகங்களில் மூன்று குறைகள் அடிக்கடி காதில் விழும். அமெரிக்கர்களின் சிரிப்பு உதட்டோடு சரி, அவர்களுக்கு வேலையைத் தவிர வேறெதுவும் தெரியாது, தங்களையே உலகம் என்று நினைக்கிறார்கள். பக்கத்தில் உட்கார்ந்து வேலை பார்த்தால், குணம் என்று நினைத்ததில் பெரும்பகுதி சட்டமும் ஒப்பந்தமும் செய்யும் வேலை என்பது புரியும்.

விடுப்பையே எடுத்துக்கொள்வோம். ஐரோப்பிய ஒன்றியத்தில் சம்பளத்தோடு ஆண்டுக்குக் குறைந்தது 4 வாரம் கட்டாயம். தனியார் ஊழியருக்கு அப்படித் தரச் சொல்லும் கூட்டாட்சிச் சட்டம் அமெரிக்காவில் இல்லை. மொன்டானா தவிர மற்ற மாநிலங்களில் பொதுவாகக் காரணம் காட்டாமலே வேலையை விட்டு அனுப்பலாம். பலருக்கு மருத்துவக் காப்பீடும் வேலையோடுதான் வருகிறது. வேலை போனால் பிள்ளையின் வைத்தியச் செலவுக்கு என்ன வழி என்று பயப்படுபவர் இரவு 9 மணிக்கு மெயிலுக்குப் பதில் போடுவதை வேலைவெறி என்பது அநியாயம். ஜெர்மானியருக்கோ வேலையில் சேர்ந்து 6 மாதம் கடந்துவிட்டால், 10 பேருக்கு மேல் உள்ள நிறுவனத்தில் பணிநீக்கப் பாதுகாப்புச் சட்டம் துணைக்கு நிற்கிறது.

வேலை உண்மையில் கெடுவது பாராட்டில்தான். "அருமை! சோதனை முடிவுகளை மட்டும் இன்னொரு தரம் பார்க்கலாமோ?" என்று அமெரிக்க மேலாளர் கேட்டால், திருத்தாமல் வெளியிடாதே என்று பொருள். ஜெர்மன் பொறியாளர் "அருமை"யை அப்படியே நம்பி வெளியிட்டுவிடுவார். மாறாக, "இந்தக் கணக்கு தப்பு" என்று அவர் கூட்டத்தில் சொல்வது கணக்கை மட்டுமே. அமெரிக்கருக்கு அது முகத்தில் அடித்தது போலிருக்கும். கூட்டம் முடிந்ததும் எதை மாற்ற வேண்டும், யார், எந்தத் தேதிக்குள் என்று எழுதி அனுப்பிவிட்டால் பாதிச் சண்டை வராது. மாதத்தை எழுத்தில் போடுங்கள். 03/04 அமெரிக்கர்களுக்கு மார்ச் 4, ஜெர்மானியருக்கு ஏப்ரல் 3.

சிரிப்பைப் பற்றிய எண்ணத்துக்கு அமெரிக்கக் கடைத்தொடரான வால்மார்ட்டும் ஒரு காரணம். 1997-ல் ஜெர்மனிக்கு வந்து, கடை வாசலில் சிரித்து வரவேற்க ஆள் நிறுத்தியது. ஊழியர்களின் காதல் உறவைக் கட்டுப்படுத்திய விதியை 2005-ல் வுப்பர்டால் தொழிலாளர் நீதிமன்றம் செல்லாது என்றது. மறு ஆண்டு வால்மார்ட் கடைகளை விற்று வெளியேறியது. ஆல்டி, லிடில் என்ற ஜெர்மன் மலிவு விலைக் கடைகளின் விலைக்கு ஈடுகொடுக்க முடியாததும் பெரிய காரணம். ஆனால் பேச்சில் நிலைத்தது வாசல் சிரிப்புதான்.

"தங்களையே உலகம் என்று நினைக்கிறார்கள்" என்ற கோபம் மார்ச்சில் கிளம்பும். கோடைக்கால நேரத்துக்காக அமெரிக்கா இரண்டாம் ஞாயிறன்று கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்தள்ளும், ஐரோப்பா கடைசி ஞாயிறன்று. இடைப்பட்ட இரண்டு மூன்று வாரம் நியூயார்க்குக்கும் ஃபிராங்ஃபர்ட்டுக்கும் 6 மணி அல்ல, 5 மணி நேர வித்தியாசம். நியூயார்க் நேரத்தில் பதிந்த, ஃபிராங்ஃபர்ட்டில் மாலை 3 மணிக்கு வரும் கூட்டம் 2 மணிக்குத் தாவி, வேறொன்றின் மேல் விழும். அந்த வாரங்களின் அழைப்புகளை பிப்ரவரியிலேயே சரிபார்த்து, இரண்டு ஊர் நேரத்தையும் தலைப்பில் எழுதிவிடுங்கள். அக்டோபர் கடைசியில் இன்னொரு வாரம் இதே பாடு உண்டு.