இன்னும் 9 டேப் பாக்கி

பரணை ஒழித்தபோது 2005-ல் வாங்கிய கேம்கார்டர் கிடைத்தது. மினி டிவி வகை. "குட்டி டிவியாப்பா?" என்கிறாள் மகள். டிவி என்றால் இங்கே டிஜிட்டல் வீடியோ; தீப்பெட்டியை விடக் கொஞ்சம் பெரிய டேப்பில் பதிவாகும் என்று விளக்கினேன்.

பேட்டரி செத்துவிட்டது, அடாப்டரில் ஓடுகிறது. ஒரு டேப் 60 நிமிடம். எல்.பி. (லாங் ப்ளே) முறையில், அதாவது டேப்பை மெதுவாக ஓடவிட்டால் 90. கஞ்சத்தனத்தில் தங்கை கல்யாணத்தை எல்.பி.யில் எடுத்துத் தொலைத்திருக்கிறேன். அதில் பதிவுத் தடம் ஒல்லியாக இருக்கும், லேசாகப் பிசகினாலும் படம் உடையும். சரியாகத் தாலி கட்டும் நேரத்தில் மாப்பிள்ளை முகம் கட்டம் கட்டமாகச் சிதறுகிறது!

கணினியில் ஏற்றுவது தனிக் கதை. ஃபயர்வயர் என்ற பழைய வகை கேபிளும், அதைச் செருக இடமுள்ள கணினியும் வேண்டும். ஒரு மணி நேர டேப்புக்கு ஒரு மணி நேரம் முழுதாக ஓடியாக வேண்டும், கிட்டத்தட்ட 13 ஜிபி பிடிக்கும். நண்பர் வீட்டுப் பழைய டெஸ்க்டாப்பில் இரண்டு டேப் ஏற்றியதும் அது மூச்சை நிறுத்திக்கொண்டது.

இரண்டாவது டேப்பில் நிறுத்த மறந்து 11 நிமிடம் வெறும் தரையும் செருப்புக் கால்களும். பின்னணியில் பாட்டியின் குரல், சமையல்காரரிடம் பாயசத்துக்குச் சண்டை. "முந்திரி எங்கே போச்சு? கணக்குல மட்டும் இருக்கு!"

மற்றதை எல்லாம் வெட்டினேன், அதை மட்டும் தொடவில்லை.

ஃபயர்வயர் உள்ள பழைய கணினியை யாராவது எடைக்குப் போடுவதாக இருந்தால் ஒரு வார்த்தை சொல்லுங்கள்.