மறைய மறுத்த கை

சென்ற ஞாயிற்றுக்கிழமை இரவு பெரம்பூரில் எங்கள் தெருவில் போன மின்சாரம் ஒன்றரை மணி நேரம் வரவில்லை. கைப்பேசியில் சார்ஜும் தீர்ந்துபோன அக்கா மகன், மொட்டை மாடியில் நான் விரித்திருந்த பாயில் வந்து உட்கார்ந்து, "மாமா, ஏதாவது சூப்பர் ஹீரோ கதை சொல்லுங்க" என்றான். ஸ்பைடர்மேனின் கதை அவனுக்குத் தலைகீழ்ப் பாடம். ஆகவே, அவன் கேள்விப்பட்டிராத ஒருவரை, என் வயதுக்காரர்களின் காமிக்ஸ் நாயகரான இரும்புக்கை மாயாவியை, அவர் எப்படி மாயாவி ஆனார் என்ற இடத்திலிருந்து சொல்லத் தொடங்கினேன்.

அவருடைய பெயர் லூயிஸ் கிராண்டல். பேராசிரியர் பாரிஞ்சர் என்ற விஞ்ஞானியிடம் உதவியாளராக இருந்தவர். அதற்கு முன்பே ஒரு விபத்தில் வலது கையை இழந்து, அந்த இடத்தில் எஃகினால் செய்த கையைப் பொருத்திக்கொண்டிருந்தார். ஒருநாள் ஆய்வுக்கூடத்தில் சோதனை ஒன்று தவறிப்போய், இயந்திரம் வெடித்து, உயர் அழுத்த மின்சாரம் அவர் உடலில் பாய்ந்தது. வேறு யாராக இருந்தாலும் அத்தோடு கதை முடிந்திருக்கும். கிராண்டலோ சாகவில்லை, கண்ணுக்குத் தெரியாமல் போனார். உடம்பு மறைந்தது, உடையும் சேர்ந்து மறைந்தது, எஃகுக் கை மட்டும் மறையவில்லை.

இந்த இடத்தில் நான் சற்று நின்றேன், ஏனென்றால் கதை முழுவதும் தொங்குவது அந்தக் கையில்தான். சிறுவயதில் எனக்குக் கனவிலும் வந்த காட்சி அது: கறுப்பு வெள்ளைக் கட்டத்துக்குள் ஒரு கதவு பாதி திறந்திருக்கும், அறையில் ஆள் யாரும் இல்லை, கைப்பிடியைப் பற்றிக்கொண்டு மணிக்கட்டோடு முடிந்துபோன ஓர் உலோகக் கை மட்டும் அந்தரத்தில் நிற்கும். ஓவியர் பார்சிலோனாவைச் சேர்ந்த ஹெசூஸ் பிளாஸ்கோ. முகமே இல்லாத ஒரு மனிதனின் கோபத்தையும் பதற்றத்தையும் ஐந்து விரல்களின் மடிப்பிலேயே காட்டிவிடுவார். இத்தனை ஆண்டுகள் கழித்து, சொல்லிக்கொண்டிருக்கும்போதுதான் எனக்கே ஒன்று உறைத்தது. அந்த மனிதர் இழந்தது கையை. எல்லாம் மறைந்த பிறகு மிஞ்சி நிற்பதும் அந்தக் கைதான்.

"அப்புறம் எல்லாரையும் காப்பாத்தப் போயிட்டாரா?" என்றான். அதுதான் இல்லை. விபத்தில் மூளை பேதலித்த கிராண்டல், முதலில் செய்தது திருட்டு. கண்ணுக்குத் தெரியாதவனை யார் பிடிப்பது என்ற திமிரில் குற்றத்துக்கு மேல் குற்றமாகச் செய்துகொண்டே போனார். தெளிந்து, மனம் மாறி, நிழல் படை என்ற உளவு அமைப்பில் சேர்ந்து அரசுக்காக உழைத்ததெல்லாம் வெகு பின்னால் நடந்தது. அவருடைய வரத்துக்குக் கெடுவும் உண்டு. சிறிது நேரத்தில் உடம்பு தானாகத் தெரியத் தொடங்கிவிடும். மறுபடி மறைய வேண்டுமானால் மறுபடி மின்சாரத்தைத் தொட்டாக வேண்டும்.

திருடனாகத் தொடங்கிய நாயகனை அவனால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. "ஸ்பைடர்மேன் அப்படி இல்லையே" என்றான். அவனை மடக்க எனக்கு நல்ல வாய்ப்பு கிடைத்தது. ஸ்டான் லீயும் ஸ்டீவ் டிட்கோவும் படைத்த ஸ்பைடர்மேன் அமெரிக்காவில் அச்சேறியது 1962 ஆகஸ்ட் மாத இதழில். மாயாவி இங்கிலாந்தின் வேலியன்ட் வார இதழில் தோன்றியது அதே ஆண்டு அக்டோபரில். கதிரியக்கச் சிலந்தி கடித்து ஆற்றல் பெற்ற பீட்டர் பார்க்கரும் முதலில் ஊரைக் காக்கக் கிளம்பவில்லை, மல்யுத்தத்திலும் தொலைக்காட்சியிலும் காசு பார்க்கத்தான் போனான். தன் எதிரிலேயே ஓடிய திருடனை, எனக்கென்ன வந்தது என்று விட்டான். அதே திருடன் பென் பெரியப்பாவைக் கொன்றான். பதினோரு பக்கங்களில் முடிந்துவிடும் அந்தக் கதையில், பேராற்றல் வந்தால் பெரும்பொறுப்பும் வரும் என்ற புகழ்பெற்ற வாசகத்தைப் பெரியப்பா சொல்வதே இல்லை, அது கடைசிக் கட்டத்தில் கதாசிரியரின் குரலாகத்தான் வருகிறது என்றதும், அவன் என்னை நம்பாமல், கைப்பேசி உயிர்பெற்றதும் சரிபார்ப்பதாக எச்சரித்தான்.

என் மனச்சாய்வு எந்தப் பக்கம் என்பதை மறைக்கப்போவதில்லை. பீட்டருக்கு ஒரே இரவில் புத்தி வந்துவிடுகிறது. கிராண்டலுக்கோ இடித்துச் சொல்லப் பெரியப்பாவும் இல்லை, திருந்த அவசரமும் இல்லை. வாரத்துக்குச் சில பக்கங்களாக வந்த தொடர் என்பதால் அவர் நிதானமாகக் கெட்டு நிதானமாகத் தேறினார்.

ஆங்கிலத்தில் அந்தத் தொடருக்கு எஃகு நகம் என்ற பொருளில்தான் பெயர். அதில் கை மட்டுமே இருக்கிறது. 1972 ஜனவரியில் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் தன் முதல் இதழாக வெளியிட்டபோது, அதற்கு 'இரும்புக்கை மாயாவி' என்று பெயர் சூட்டியவர்கள், தெரிவதை ஒரு சொல்லிலும் தெரியாததை மறு சொல்லிலும் வைத்துவிட்டார்கள். எஃகு இரும்பானதில் எனக்கு வருத்தம் இல்லை. எஃகுக்கை என்று கூப்பிட்டுப் பார்த்தால் நாக்கு இடறுகிறது. சென்ட்ரல் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் இருந்த பழைய மூர் மார்க்கெட்டில், அது 1985இல் தீக்கிரையாவதற்கு முன், அட்டை கிழிந்த பிரதி ஒன்றை அப்பா எனக்கு வாங்கித் தந்தார். கடைசி நான்கு பக்கங்கள் இல்லாததால் முடிவை நானே பலவிதமாக இட்டுக்கட்டிக்கொண்டேன்.

"கையைப் பாக்கெட்டுக்குள்ள விட்டுக்கிட்டா யாருக்கும் தெரியாதே மாமா?" என்று அவன் கேட்டான். பாக்கெட்டும் மறைந்துவிடுமே என்றேன். சற்று யோசித்தவன், இருண்டு கிடந்த தெருவைப் பார்த்தபடி, "இந்த மாதிரி கரண்ட் போனா அவர் என்ன பண்ணுவார்?" என்றான். லண்டன் கதாசிரியர்களுக்கு இந்தக் கேள்வி தோன்றியிருக்காது; எங்கள் டிரான்ஸ்ஃபார்மரை அறிந்தவனுக்குத்தான் தோன்றும்.

நான் பதில் தேடிக்கொண்டிருக்கையில் விளக்குகள் எரிந்தன, கீழே மிக்ஸி தானாக அலறியது. அதை அணைத்த கையோடு அக்கா மாடிப்படியில் நின்று கத்தினாள்: "டேய், ரெண்டு பேரும் கேளுங்க! யாராவது பிளக்குல விரலை வச்சீங்க, தெரியும் சேதி!"

அந்தக் கிழிந்த பிரதியை என்னிடமிருந்து பிடுங்கி முதலில் படித்து முடித்தவள் அவள்தான்.