மாமியாரும் நாலு பேயும்

சேலம் அம்மாப்பேட்டையில் அத்தை வீட்டுத் தெருவை முதலில் தண்ணீர்க் குழாய்க்கு என்று தோண்டினார்கள். மூடினார்கள். அப்புறம் சாக்கடைக்கு என்று தோண்டினார்கள். அதை மூடியதைப் பார்த்துத் தெருக்காரர்கள் மூச்சு விடுவதற்குள் வேறு யாரோ கேபிளோடு வந்து இறங்கிவிட்டார்கள். வாசலுக்கும் தெருவுக்கும் நடுவே போட்ட பலகையில் கால் வைக்கப் பயந்து, "ரெண்டு நாள் இருந்துட்டு வர்றேன்" என்று அத்தை அழகாபுரத்தில் எங்கள் வீட்டுக்கு வந்தார். அந்த ரெண்டு நாள் இன்னும் முடியவில்லை.

வந்ததில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. ஆனால் அத்தைக்கும் எனக்கும் பேச்சு கிடையாது. சண்டை எல்லாம் இல்லை, மரியாதை. கல்யாணமான நாளிலிருந்து இப்படித்தான். "மாப்பிள்ளைக்கு இன்னொரு தோசை வைக்கட்டுமான்னு கேளு" என்று என் முகத்துக்கு நேராக நின்றுகொண்டு தன் மகளிடம் கேட்பார். என் மனைவி என்னிடம் கேட்பாள். போதும் என்று நான் அவளிடம் சொல்வேன். அதற்குள் தோசை தட்டில் விழுந்திருக்கும்.

இந்த மரியாதையைக் கெடுத்தது என் மச்சான். பையனுக்குப் போன் தர மாட்டோம் என்று நாங்கள் கறாராக இருந்ததால், மாமன் பாசம் பொங்கி, பழைய பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு கடையில் டிவி கேம் வாங்கிக் கொடுத்துவிட்டான். அட்டைப்பெட்டி மேல் 620 கேம் என்று போட்டிருந்தது. பாதி தாண்டியதும் அதே டாங்கி, அதே தவளை, வேறு பேரில் திரும்ப வருகிறது. தறியில் பாவு நூலை மாற்றாமல் கரையை மட்டும் மாற்றிப் புது டிசைன் என்று தலையில் கட்டுகிற வேலை. இதில் இன்னொரு கொடுமை, அந்தப் பெட்டிக்கு மஞ்சள், சிவப்பு, வெள்ளை என்று மூன்று வயர். எங்கள் புது டிவியின் முதுகில் அந்த மூன்று ஓட்டையும் கிடையாது. நடுவில் மாட்ட ஒரு கன்வெர்ட்டர் வாங்கினேன். கேம் பெட்டியை விட அது விலை அதிகம். மச்சானிடம் சொன்னேன், சிரிக்கிறான்.

அந்த 620-ல் ஒன்று பேக்மேன். ஒரு மஞ்சள் வாய் சந்து சந்தாக ஓடிப் புள்ளிகளைத் தின்னும், நாலு பேய் அதைப் பிடிக்கப் பார்க்கும், பெரிய புள்ளியைத் தின்றால் பேய்கள் கொஞ்ச நேரம் நீலமாகிப் பயப்படும். பையனுக்கு அது பிடிக்கவில்லை, சுடுவதற்குத் துப்பாக்கி இல்லையாம். எனக்கு அது பழைய சிநேகம். பள்ளிக்கூட நாளில் நாலு ரோடு பக்கம் ஒரு சந்துக்குள் வீடியோ கேம் கடை இருந்தது. மணிக்கு இவ்வளவு என்று காசு. காண்ட்ராவுக்கும் மரியோவுக்கும் அடிதடி நடக்கும். பேக்மேன் கேசட் மட்டும் தூசி தட்ட ஆள் இல்லாமல் கிடக்கும். எனக்குக் கூட்டம் ஆகாது, அதனால் எனக்கு அது.

பையனுக்குக் கொஞ்சம் பிடித்துப்போகட்டும் என்று வரலாறு சொல்ல ஆரம்பித்தேன். என் வரலாற்றுக்கு வீட்டில் பெரிய மதிப்பு ஒன்றும் கிடையாது. 1980-ல் ஜப்பானில் நாம்கோ கம்பெனி கொண்டுவந்த, கேம் கடையில் காசு போட்டு ஆடுகிற மெஷின் இது. செய்தவர் தோரு இவாதானி. அப்போது கேம் கடை என்றாலே சுடுகிற ஆட்டம், ஆம்பளைப் பசங்கள் கூட்டம். பெண்களும் உள்ளே வர வேண்டும் என்று யோசித்து, தின்பதையே ஆட்டமாக்கினார். ஒரு துண்டு எடுத்த பீட்சாவைப் பார்த்து அந்த மஞ்சள் வாய் தோன்றியதாக அவரே சொல்லியிருக்கிறார். பெண்களைக் குறி வைத்துச் செய்த ஆட்டம். குறி தப்பவில்லை, சேலம் வந்து சேரத்தான் நாற்பது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது.

ஏனென்றால் சமையலறை வாசலில் வெங்காயம் உரித்துக்கொண்டு அத்தை இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார்.

நான் பாட்டுக்கு அட்டாரி என்கிற அமெரிக்க கேம் கம்பெனியின் கதைக்குப் போனேன். 1982-ல் வீட்டு டிவியில் மாட்டுகிற அட்டாரி 2600 என்கிற பெட்டிக்கு இந்த ஆட்டத்தைக் கொண்டுவந்தார்கள். அந்தப் பெட்டியின் மெமரி மொத்தமே 128 பைட். நாலு பேயையும் ஒரே நேரத்தில் திரையில் நிறுத்த முடியாமல் ஒன்று மாற்றி ஒன்று காட்டினார்கள். அதனால் பேய்கள் எல்லாம் மினுக்கிக்கொண்டே இருக்கும். லட்சக்கணக்கில் விற்றது, வாங்கியவர்கள் திட்டித் தீர்த்தார்கள் என்று நான் சொல்லி முடிக்கவும், வெங்காயத்தைப் பார்த்தபடி அத்தை பேரனிடம், "பேயின்னா மினுக்கத்தானே செய்யும், இதுக்கு எதுக்குத் திட்டுனாங்களாம்?" என்றார்.

எனக்குப் பதில் தெரியவில்லை. 1984-ல் நின்டெண்டோ கம்பெனியின் ஃபேமிகாம் என்கிற டிவி கேம் பெட்டிக்கு வந்தது, நம் ஊர் டிவி கேம் எல்லாம் அந்த ஃபேமிகாமைப் பார்த்து அடித்த காப்பி என்று சுருக்கமாக முடித்துக்கொண்டு விளையாட ஆரம்பித்தேன்.

"கீழ போகச் சொல்லு. அந்த ரோஸ் கலரு முன்னாடி வந்து நிக்கப் போவுது."

பேரனிடம்தான் சொன்னார். நான் மேலே போனேன். ரோஸ் கலர் முன்னாடி வந்து நின்றது. ஆள் காலி.

இதை நீங்கள் சாதாரணமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. அந்த நாலு பேய்க்கும் நாலு புத்தி. அசல் மெஷினில் சிவப்பு நேராக உங்களைத் துரத்தும். ரோஸ் உங்களைத் துரத்தாது, நீங்கள் எந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருக்கிறீர்களோ அதற்கு நாலு கட்டம் முன்னால் குறி வைக்கும். வெளிர்நீலம், சிவப்பு நிற்கிற இடத்தையும் உங்கள் இடத்தையும் சேர்த்துக் கணக்குப் போட்டு வரும். ஆரஞ்சு எட்டுக் கட்டத்துக்கு அப்பால் இருந்தால் துரத்தும், அதற்குள் வந்துவிட்டால் இடதுபக்கக் கீழ் மூலைக்குத் திரும்பிவிடும். இதெல்லாம் பெரிய ஆராய்ச்சிக்காரர்கள் மெஷினின் புரோகிராமைப் பிரித்துப் படித்துச் சொன்னது. நான் உட்கார்ந்து படித்துத் தெரிந்துகொண்டது. அத்தை வெங்காயம் உரித்துக்கொண்டே பிடித்துவிட்டார்.

"எப்படிக் கண்டுபிடிச்சீங்க?" என்று நேராகக் கேட்டுவிட்டேன். நடுவில் மனைவி இல்லை. அவள் மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தாள்.

"அது பாக்கறதுலயே தெரியுதுங்களே மாப்பிள்ளை" என்று அத்தையும் நேராகவே சொல்லிவிட்டார். இரண்டு பேருக்கும் கொஞ்சம் கூச்சமாகப் போய்விட்டது. அந்தக் கூச்சத்தை மறைக்க நான் கண்ட்ரோலை நீட்டினேன். அவர் முந்தானையில் கையைத் துடைத்துவிட்டு வாங்கினார். அதோடு சரி, அந்தக் கண்ட்ரோல் இன்றுவரை எங்கள் கைக்குத் திரும்பவில்லை.

இப்போது வீட்டில் சீரியல் நேரம் கிடையாது, கிரிக்கெட் கிடையாது. சாப்பாட்டு நேரம் என்பது அத்தைக்கு மூன்று உயிரும் போகிற நேரம். பையன் தன் சொத்தில் தனக்குப் பங்கு இல்லை என்று மாமனுக்குப் போன் போட்டு அழுதான். மஞ்சள் வாய் தின்னுகிற அந்த "வக்கா வக்கா" சத்தம் கேட்டால் எனக்கு வயிற்றைக் கலக்கும், அது வேறு கதை. 2010 மே மாதம் பேக்மேனுக்கு 30 வயசு என்று கூகுள் தன் பேரையே ஆட்டமாக மாற்றி முதல் பக்கத்தில் வைத்தது ஞாபகம் இருக்கிறதா? பக்கத்தைத் திறந்து சும்மா இருந்தாலே சத்தம் போட ஆரம்பித்துவிடும். நான் அப்போது அஸ்தம்பட்டியில் ஒரு ஆபீசில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். ஏதோ ஒரு வட்டி விகிதம் தேடுவதற்காகத்தான் கூகுளைத் திறந்தேன். உள்ளே பெரியவர் கிளையண்டோடு பேசிக்கொண்டிருக்கிறார். ஸ்பீக்கர் முழுச் சத்தத்தில். நிறுத்துகிற பட்டன் எங்கே என்று தேடுவதற்குள் பக்கத்து சீட்டுக்காரன் என் கீபோர்டை இழுத்து விளையாட ஆரம்பித்துவிட்டான். திட்டு எனக்கு.

அத்தைக்கு வருவோம். அவர் பேய்களுக்குச் சொந்தக்காரர்களை ஒதுக்கிவிட்டார். சிவப்பு, அவருடைய பெரிய நாத்தனார். எந்தப் பக்கம் திரும்பினாலும் பின்னாலேயே. வெளிர்நீலம், என் சின்ன மச்சான். "பெரியவன் எங்க நிக்கிறான்னு பாத்துட்டுத்தான் இவன் எங்க நிக்கறதுன்னு முடிவு பண்ணுவான்" என்றார். அப்பழுக்கில்லாத கணிப்பு.

"இந்த ஆரஞ்சு இருக்குதே, தூரத்துல இருந்தா ஜம்முனு வருது. கிட்ட வந்ததும் என்னமோ வேலை இருக்கற மாதிரி திரும்பி மூலைக்குப் போயிருது. இது நம்ம..." என்று சொல்லி நிறுத்திக்கொண்டார்.

"அப்பா!" என்றான் பையன்.

மனைவி சிரித்த சிரிப்பில் கீழ் வீட்டில் இருந்து வந்து விசாரித்தார்கள். நான் ஆபீஸ் விட்டு வந்ததும் ஹாலில் யார் இருக்கிறார்கள் என்று எட்டிப் பார்த்துவிட்டு மாடிக்குப் போகிறவன்தான். மறுப்பதற்கில்லை. ஆனால் இதை ஜப்பான்காரன் எனக்கு முன்பே செய்து வைத்திருக்கிறானே என்பதுதான் வருத்தம்.

ரோஸ் யார் என்று மட்டும் அவர் சொல்லவில்லை. ஒரு நாள் ராத்திரி பையனும் மனைவியும் தூங்கிய பிறகு கேட்டேன்.

"அது வட்டிக்காரரு" என்றார், திரையில் இருந்து கண்ணை எடுக்காமல்.

மாமா உடம்பு சரியில்லாமல் படுத்திருந்த சமயம். தறி பாதி நாள் ஓடும், பாதி நாள் ஓடாது. நெய்த வெண்பட்டு வேட்டியைப் பொட்டலம் கட்டி அத்தைதான் முதலாளி வீட்டுக்குக் கொண்டுபோய்க் கூலி வாங்கி வருவார். கூலி வாங்கும் கிழமை அந்த ஆளுக்கும் தெரியும். பின்னால் வர மாட்டாராம். வந்தால் நாலு பேர் பார்ப்பார்களே. அத்தை எந்தத் தெரு வழியாக வருவார் என்று பார்த்து, அடுத்த முக்கில் வந்து ஒன்றும் தெரியாதவர் போல நிற்பாராம்.

"துரத்தறவன் பரவால்ல மாப்பிள்ளை, எங்க இருக்கான்னு தெரியும். முன்னாடி வந்து நிக்கறவன்தான் கஷ்டம். அவன் நம்ம மூஞ்சி எந்தப் பக்கம் பாக்குதுன்னு பாத்துத்தான் நிப்பான். நானு கோயில் பக்கம் போற மாதிரி மூஞ்சியக் காட்டுவேன். அவரு அந்தப் பக்கம் கிளம்பினதும் சாயப்பட்டறைச் சந்துல பூந்து வந்துருவேன்."

சொல்லிக்கொண்டே மஞ்சள் வாயை ரோஸ் பேய்க்கு நேராகத் திருப்பினார். ரோஸ் பேய் என்னவோ யோசித்து வேறு சந்தில் திரும்பிப் போய்விட்டது. அவர் நிதானமாகத் திரும்பி மிச்சப் புள்ளிகளைத் தின்ன ஆரம்பித்தார். 1982 வாக்கில் அமெரிக்காவில் இந்த ஆட்டத்தில் ஜெயிப்பது எப்படி என்று புத்தகமே போட்டு விற்றார்கள். வாங்கியவர்கள் எல்லாம் பாவம்.

"அவரு மேலயும் தப்பு இல்லைங்க. கொடுக்க வேண்டியத எல்லாம் கொடுத்து முடிச்சாச்சு. பாப்பாகிட்ட மட்டும் சொல்லிராதீங்க. அவளுக்கு அப்பப் பன்னெண்டாவது பரீட்சை. கூலிய வாங்கிட்டு வந்து டியூசனுக்கு எடுத்து வெச்சுருவேன், அது அவளுக்குத் தெரியாது."

பாப்பா என்றால் என் மனைவி. அவள் நான் எழுதுவதைப் படிப்பதில்லை என்பதால் இங்கே தைரியமாக எழுதுகிறேன். படித்துவிட்ட யாராவது அவளிடம் போட்டுக் கொடுத்தால் அடுத்த ஆடிக்கு உங்களுக்குக் கோட்டை மாரியம்மன் கோயில் கூழ் கிடையாது.

அன்றைக்கே இன்னொன்றும் கேட்டார். இது எங்கே போய் முடியும் என்று. முடிவு கிடையாது அத்தை, அசல் மெஷினில் 256-வது ரவுண்டுக்குப் போனால் எண்ணிக்கை அதற்கு மேல் தாங்காமல் திரையின் வலது பாதி முழுக்க எழுத்தும் எண்ணுமாகச் சிதறிப்போகும், அதைத் தாண்ட முடியாது என்றேன். "அதுவரைக்கும் யாரு போனா" என்றார். அவருக்கு முடிப்பதில் ஆர்வமே இல்லை. கடைசிப் புள்ளி ஒன்றை விட்டுவைத்துவிட்டுச் சும்மா சுற்றி வருகிறார். ஏன் என்றால், அதைத் தின்றால் அடுத்ததில் பேய் இன்னும் வேகமாக வருமாம். உண்மைதான். அசல் மெஷினில் போகப் போகப் பேய்கள் நீலமாகிப் பயப்படுகிற நேரமும் குறைந்துகொண்டே வந்து, 19-வது ரவுண்டிலிருந்து பெரிய புள்ளியைத் தின்றாலும் ஒரு பேயும் பயப்படாது. இதை அவரிடம் சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

இப்போது புதுப் பிரச்சினை. அத்தை அழுத்திய அழுத்தில் கண்ட்ரோலின் இடது பட்டன் செத்துவிட்டது. பையனுக்கு உள்ளூர நிம்மதி, ஆட்டம் முடிந்தது என்று நினைத்தான். அத்தை அலட்டிக்கொள்ளவில்லை. வலதுபக்கக் குகைக்குள் போனால் இடதுபக்கம் வெளியே வரலாம் அல்லவா, அப்படியே ஊரைச் சுற்றிக்கொண்டு வலது கையாலேயே சமாளிக்கிறார். குகைக்குள் பேய்கள் மெதுவாகத்தான் வரும் என்பதையும் கண்டுபிடித்துவிட்டார். ஸ்கோர் முன்னை விட அதிகம்.

கடையில் கேட்டேன். கண்ட்ரோல் தனியாகத் தர மாட்டார்களாம், பெட்டியோடு புதுசு வாங்க வேண்டுமாம். கேரண்டி கடை வாசல்படி வரைக்கும்தானாம். ஞாயிற்றுக்கிழமை போய் நன்றாக நாலு கேள்வி கேட்கப் போகிறேன். அத்தையும் வண்டியில் வருகிறேன் என்று சொல்லிவிட்டார், அந்தக் கடைக்கு முன்பக்கமாகப் போனால் வண்டி நிறுத்த இடம் கிடைக்காதாம், பின்னால் ஒரு சந்து இருக்கிறதாம்.