ஆவுடையார்கோயிலில் அப்பா

இது அம்மா வைத்துவிட்டுப் போன கடன். பதினாறு வருஷத்துக்கு முன்னால் அப்பா இருமி இருமிச் சுருண்டு கிடந்தபோது, "இவரு எழுந்து நடந்துட்டா பெருந்துறைக்குக் கூட்டிட்டு வந்து புழுங்கரிசி படைக்கிறேன்" என்று ஆத்மநாதரிடம் சொல்லிவிட்டாள். பெருந்துறை என்றால் ஆவுடையார்கோயில்தான், அங்கே இருக்கிற சிவன்தான் ஆத்மநாதர். அப்பா எழுந்து நடந்துவிட்டார். அப்புறம் என் கல்யாணம், தம்பிக்கு வேலை, வீடு மாற்றல் என்று நாள் தள்ளிக்கொண்டே போய், கடைசியில் அம்மாவே போய்ச் சேர்ந்துவிட்டாள். இந்த ஆனித் திருமஞ்சனத்துக்காவது தீர்த்துவிட வேண்டும் என்று அப்பாவைக் கிளப்பினேன்.

அப்பாவுக்கு அம்மி கொத்துகிற தொழில். "அம்மி கொத்தலையோ, ஆட்டுக்கல் கொத்தலையோ" என்று புதுக்கோட்டைத் தெருக்களில் முப்பது வருஷம் கூவிய குரல் அது. வீட்டுக்கு வீடு கிரைண்டர் வந்ததும் தொழில் படுத்தது. கல்பட்டறைக்குப் போனார். அந்தத் தூசிதான் நெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டது.

அறந்தாங்கியிலிருந்து மீமிசல் போகிற சாலையில் 14 கிலோமீட்டர்தான். ஆனால் திருவிழாக் கூட்டத்தில் பஸ்ஸில் கால் வைக்க இடமில்லை. இரண்டு பஸ்ஸை விட்டு மூன்றாவதில் ஏறினோம். எழுபத்தாறு வயசு மனுஷர் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு வருகிறார், உட்கார்ந்திருந்த பையன்கள் செல்போனிலிருந்து தலையைத் தூக்கவில்லை. நான் வாயைத் திறந்தேன். "விடு ஆத்தா, கோயிலுக்குப் போறப்ப எதுக்கு" என்றார் அப்பா.

இறங்கினால் தெருவிலேயே ஒருத்தர் பிடித்துக்கொண்டார். கோயிலுக்கும் அவருக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. "நான் காட்டாட்டி ஒண்ணும் புரியாதும்மா, 200 ரூபா குடுங்க." வேண்டாம் என்றாலும் கூடவே வந்தார். கொடுங்கை, அதாவது மண்டபக் கூரையின் வளைந்து இறங்குகிற விளிம்பு, நிஜமாகவே கல்தானா என்று நம்பாமல் வெள்ளைக்காரன் ஒருத்தன் துப்பாக்கியால் சுட்டுப் பார்த்த கதையை, நாங்கள் கேட்காமலேயே ஆரம்பித்தார். அப்பா நிதானமாக, "தம்பி, நீ கல்லு கொத்தியிருக்கியா?" என்றார். அவ்வளவுதான், வேறு குடும்பத்தைப் பார்த்துப் போய்விட்டார்.

குதிரை வாங்கச் சொல்லிப் பாண்டியன் மாணிக்கவாசகரிடம் கொடுத்த பணமெல்லாம் கோயிலாகி நிற்கிற இடம் இல்லையா, உள்ளே நுழைந்தால் எங்கே பார்க்க, எதை விட! வீரபத்திரரையும் குறவன் குறத்தியையும் குதிரைச் சாமியையும் கூட்டம் தள்ளிய வேகத்தில் பார்த்தேன். அப்பா அங்கெல்லாம் நிற்கவே இல்லை. கொடுங்கைக்கு அடியில் வந்ததும் நின்றார். அண்ணாந்தவர் அண்ணாந்தபடிதான்.

மரத்தில் கூரை போட்டால் என்னென்ன இருக்குமோ அத்தனையும் அங்கே கல்லில் இருக்கிறது. வளைந்து இறங்குகிற கைமரங்கள், குறுக்கே சட்டங்கள், சட்டம் கூடுகிற இடங்களில் குமிழாணிகள். மரத்தில் அடித்த ஆணி போலவே அதன் தலை உப்பிக்கொண்டு நிற்கிறது. கல்லுக்கு ஆணி எதற்கு? "ஆணியைத் தனியாச் செஞ்சு ஒட்டலை ஆத்தா. சுத்தி இருக்கிற கல்லைப் பூராவும் எடுத்துட்டு, இதை மட்டும் விட்டிருக்கான். ஒரு அடி தப்பினா முழுக் கல்லும் போச்சு" என்றார். 'ஆவுடையார்கோயில் கொடுங்கை நீங்கலாக' என்று எழுதிக்கொண்டுதான் அந்தக் காலத்து ஸ்தபதிகள் வேறு கோயில் வேலைக்குச் சம்மதிப்பார்களாம். அதைச் சொன்னபோது அப்பா சிரித்தார். "எழுதாம? எவன் மாட்டுவான்?" பின்னால் நின்றவர்கள், "பெரியவரே, நகருங்க" என்று இரண்டு தடவை சொல்லிவிட்டார்கள். நான்தான் கையைப் பிடித்து இழுத்துப் போனேன்.

சன்னதிக்கு முன்னால் நிற்க எங்களுக்குக் கிடைத்தது ஐந்து நிமிஷம் இருக்கலாம். உள்ளே சிவப்பு, வெள்ளை, பச்சை என்று மூன்று சுடர். அதற்கு முன்னால் பூ சாத்திய ஆவுடையார், லிங்கம் உட்காருகிற பீடம் மட்டும். மேலே லிங்கமாக நிற்கிற பாணம் இல்லை, வெளியே நந்தியும் இல்லை. இதெல்லாம் தெரிந்துதான் போகிறோம். ஆனாலும் அந்த இடத்தில் நிற்கும்போது கண் தானாகவே எதையோ தேடுகிறது.

அப்போதுதான் நைவேத்தியம் வந்தது. கொதிக்கக் கொதிக்கப் புழுங்கலரிசிச் சோறு, படைகல்லில் கொட்டினார்கள். கீரையும் பாகற்காயும் கூட. ஆவி எழும்பிச் சுருண்டு உள்ளே போயிற்று. அவருக்கு அந்த ஆவிதானே படையல். எனக்கு அடுப்படியில் வியர்வையோடு நிற்கிற அம்மா முகம் வந்துவிட்டது. சோற்றை வடித்துக் கவிழ்த்துவிட்டு, ஆவிக்கு முகத்தைத் திருப்பிக்கொள்வாளே, அந்த முகம். இன்றைக்கு வந்துவிட்டோம் அம்மா, கூட்டி வந்துவிட்டேன் அம்மா. இதைத் தவிர எனக்கு வேண்டுதலாக ஒன்றுமே வரவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தால் தீபாராதனை முடிந்திருந்தது. இங்கே தட்டு வெளியே வராது. பக்கத்தில் ஒரு அம்மாள் ஒற்றிக்கொள்ளக் கையை நீட்டி, நினைவு வந்து, அப்படியே கும்பிட்டார்.

அப்பா கும்பிட்ட கையை இறக்கவில்லை. என் காதருகே குனிந்து, "ஆவுடையார் பெண் கல்லுலதான் செய்வாங்க. ஆண் கல்லு வெண்கல மணி மாதிரி சத்தம் குடுக்கும், அது சாமிக்கு. பெண் கல்லு உட்கார வைக்கிறதுக்கு. எங்க மேஸ்திரி சொல்லுவாரு" என்றார். கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு, "வெளிய ஆணி வரைக்கும் கொத்தினவனுக்கு உள்ள ஒரு லிங்கம் கொத்தத் தெரியாதா? உட்கார இடத்தைச் செஞ்சு வச்சுட்டு உளியைக் கீழ வச்சுட்டான் பாத்தியா" என்றார்.

எத்தனையோ பேர் இந்தத் தலத்தின் அருவத் திருமேனிக்கு விளக்கம் சொல்லிக் கேட்டிருக்கிறேன். இனி எனக்கு இது போதும்.

அம்மன் யோகாம்பாளைக் கல் ஜன்னலான பலகணியின் துவாரம் வழியாகத்தான் பார்க்க வேண்டும். கூட்டத்தில் எனக்கு ஒரு நொடிதான் வாய்த்தது, பாதம் தெரிந்ததா, விளக்கு தெரிந்ததா என்றே சொல்லத் தெரியவில்லை. அப்பாவுக்கு அதுவும் இல்லை. துவாரத்துக்குப் பக்கத்துக் கல்லை விரல் முட்டியால் மெல்லத் தட்டிக் காதை வைத்துக் கேட்டார். பின்னால் நின்றவர் கோபமாக ஏதோ சொன்னார். தாயே, அவர் கும்பிடுவதே அப்படித்தான், பொறுத்துக்கொள்.

பிரசாதச் சோற்றைப் பிராகாரத்து ஓரமாக உட்கார்ந்து சாப்பிட்டோம். உப்பு குறைவு, பாகற்காய் நல்ல கசப்பு. இலையை வழித்துச் சாப்பிட்டார். எத்தனை நாளாகிவிட்டது அவர் அப்படிச் சாப்பிட்டு! ஆத்மநாதா, அம்மா கேட்டபோது கொடுத்தாய், நாங்கள் பதினாறு வருஷம் இழுத்தடித்தும் கோபிக்காமல் கூப்பிட்டாயே.

திருச்சிக்கு வந்து சேர ராத்திரி பத்தரை. காலையில் நான் எழுவதற்குள் மாடிப்படிக்கு அடியில் கிடந்த அம்மாவின் அம்மியை வெளியே இழுத்துப் போட்டிருந்தார். "உளி எங்க வச்ச?" டாக்டர் தூசிப் பக்கமே போகக்கூடாது என்று சொல்லியிருக்கிறார் என்றேன். "தண்ணி தெளிச்சுக் கொத்தினா தூசி வராதுடி" என்றார். சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன். நான்கு வரி கொத்தினார், மூச்சு வாங்கியது, நிறுத்தினார். மீதி நாளைக்காம்.