தட்டியவர் யார்?

கோட்டிங்கன் பல்கலைக்கழகத்தில் ஒரு செமஸ்டர் படிப்பதற்காக அக்டோபர் மாதத்தில் ஜெர்மனிக்குப் போய் இறங்கிய நான், தாமதமாக வந்தவன் என்ற பெயரை முதல் நாளே வாங்கிவிடக் கூடாது என்ற அச்சத்தில், பத்து மணி வகுப்பிற்கு ஒன்பதே முக்காலுக்கே போய் முன்வரிசையில் உட்கார்ந்துகொண்டேன். பத்து மணி ஆனபோதும் அந்தப் பெரிய அரங்கில் என்னைத் தவிர ஒருவரும் இல்லை. நேரம் தவறாமைக்குப் பெயர்போன நாட்டில் தவறு என்னுடையதாகத்தான் இருக்க முடியும் என்று கருதி, அறை எண்ணையும் கிழமையையும் கடைசியில் என் கைக்கடிகாரத்தையுமே சந்தேகித்துக்கொண்டு நான் எழுந்து வாசலுக்கு வந்தபோது, பத்தேகாலுக்கு இரண்டு நிமிடம் இருக்கையில், மாணவர்கள் தேர்த்திருவிழாக் கூட்டம்போல் உள்ளே நுழைந்தார்கள்.

கால அட்டவணையில் 10 என்ற எண்ணுக்குப் பக்கத்தில் ‘சி.டி.’ என்று இருந்ததைக் கட்டடத்தின் பெயர் என்று நினைத்திருந்தேன். ‘கும் டெம்போரே’ என்ற லத்தீன் தொடரின் சுருக்கமாம் அது. குறித்த நேரத்திற்குப் பிறகு கால் மணி நேரம் கழித்து வகுப்பு தொடங்கும் என்று பொருளாம். 75 விழுக்காடு வருகைக்காக மருத்துவச் சான்றிதழ் தேடி அலைந்த கல்லூரியிலிருந்து வந்தவனுக்கு, கால் மணி நேரத் தாமதத்தைச் சட்டமாகவே ஆக்கி, வருகைப் பதிவேடும் எடுக்காமல் விட்டுவிடுகிற ஏற்பாடு எவ்வளவு இனித்திருக்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. விசித்திரம் என்னவென்றால், பதிவேடு இல்லை என்று தெரிந்த பிறகு நான் ஒரு வகுப்பைக்கூடத் தவறவிடவில்லை.

அன்றைய வகுப்பு முடிந்ததும் இன்னோர் அதிர்ச்சி காத்திருந்தது. பேராசிரியர் நன்றி சொல்லிப் புத்தகத்தை மூடிய நொடியில், அரங்கில் இருந்த அத்தனை பேரும் மடக்கிய விரல் முட்டியால் மேசையை ‘டொக் டொக்’ என்று தட்டத் தொடங்கினார்கள். மேசை தட்டுவதை நான் நம் சட்டமன்றச் செய்திகளில்தான் பார்த்திருக்கிறேன். எங்கள் கல்லூரியில் யாராவது அப்படித் தட்டியிருந்தால் மறுநாள் பெற்றோரை அழைத்து வர வேண்டியிருந்திருக்கும். அங்கே அதுதான் கைதட்டல் என்று பக்கத்திலிருந்தவர் விளக்கினார். அதன் பிறகு எனக்குத் தட்டுவதில் ஒரு மோகமே உண்டாகிவிட்டது. நண்பர்கள் வட்டமாக அமர்ந்திருக்கும் இடத்திற்குத் தாமதமாக வருகிறவர், ஒவ்வொருவரிடமாகப் போய்க் கை குலுக்காமல் மேசையை இரண்டு முறை தட்டினால் அதுவே அனைவருக்குமான வணக்கம் என்பதையும் கற்றுக்கொண்டேன். தட்டல் என்றால் பாராட்டு, அல்லது வணக்கம். மூன்றாவது பொருள் கிடையாது என்று முடிவு கட்டியதுதான் என் பிழை.

டிசம்பர் நடுவில் மார்கழி பிறந்தது. ஸ்ரீரங்கத்தில் என் அம்மா விடியற்காலையில் எழுந்து, கோலம் போட்டுவிட்டு, நாலரை மணிக்கு அன்றைய பாசுரத்தைப் பாட உட்காரும்போது எனக்கு இங்கே நள்ளிரவு பன்னிரண்டு. சின்ன வயதிலிருந்து கூடவே பாடிய பிள்ளை இந்த ஒரு வருடம் விட்டுவிடக் கூடாது என்று வீடியோ அழைப்பில் வந்துவிட்டார். நானும் போர்வையைப் போர்த்திக்கொண்டு, அட்டையைவிடச் சற்றே தடிமனான சுவருக்குப் பக்கத்தில் அமர்ந்து, உரக்கப் பாடினேன். பாடி முடித்ததும் சுவரின் அந்தப் பக்கத்திலிருந்து ‘டொக் டொக்’ என்று கேட்டது.

“யாருப்பா தட்றா?” என்றார் அம்மா.

“பக்கத்து அறையில இருக்கறவர்மா. நல்லா இருந்தா இங்க இப்படித்தான் தட்டுவாங்க.”

அம்மாவின் முகத்தில் தோன்றிய பெருமையை நான் என்னவென்று சொல்வது! “அப்ப நாளைக்கு இன்னும் கொஞ்சம் குரலை விட்டுப் பாடு கண்ணா, அவருக்கும் நன்னா கேக்கட்டும்” என்றார். மறுநாள் குரலை விட்டுப் பாடினேன். பாதியிலேயே தட்டல் கேட்டது. மூன்றாம் நாள் இரண்டாம் அடியிலேயே, அதுவும் முட்டியால் அல்ல, முழுக் கையால் தட்டியதுபோல் கேட்டது. இதற்குள் எங்கள் தெருவில் பாதிப் பேருக்கு, ஜெர்மனிக்காரர் ஒருவர் நடுநிசியில் கண் விழித்துப் பாசுரம் கேட்கிற செய்தி எட்டியிருந்தது.

நான்காம் நாள் காலையில் பொதுச் சமையலறையின் குளிர்சாதனப் பெட்டியில் ஒரு மஞ்சள் சீட்டு ஒட்டியிருந்தது. கைபேசியின் உதவியோடு மொழிபெயர்த்துப் படித்தேன். இரவு 10 மணியிலிருந்து காலை 6 மணிவரை அமைதி காக்க வேண்டும் என்பதை அறிந்திருப்பீர்கள் என நம்புவதாகவும், தனக்கு உடற்கூறியல் தேர்வு இருப்பதாகவும், மூன்று இரவுகள் சுவரைத் தட்டியும் பயனில்லாததால் எழுத நேர்ந்ததாகவும், மிகுந்த மரியாதையோடு எழுதியிருந்தார்.

உடனே மன்னிப்புக் கேட்கத் தீர்மானித்தேன். ஆனால் வெறுங்கையோடு போவது முறையல்ல, அன்று ஞாயிற்றுக்கிழமையாதலால் கடைகள் அனைத்தும் மூடியிருந்தன; எனவே மன்னிப்பைத் திங்கட்கிழமைக்கு ஒத்திவைத்தேன். திங்களன்று, பால்சோற்றுக்கென விற்கும் குட்டை அரிசி, வெல்லத்திற்குப் பதிலாகப் பழுப்புச் சர்க்கரை, ‘பட்டர்ஷ்மால்ட்ஸ்’ என்ற பெயரில் அங்கே வாழும் நம் நெய், ஆசியக் கடைப் பாசிப்பருப்பு ஆகியவற்றைக் கொண்டு சர்க்கரைப் பொங்கல் என்று சொல்லத்தக்க ஒன்றைக் கிளறி எடுத்துக்கொண்டு போனேன். அவர் அதைப் பால்சோறு என்றே கருதி மேலே இலவங்கப்பட்டைத் தூளைத் தூவினார். அன்றைக்கு இருந்த நிலையில் நான் தடுக்கவில்லை. என் விளக்கத்தைக் கேட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தவர், எனக்கு ஆறுதலாக ஒரு கதை சொன்னார். அதே ஊரில் வாழ்ந்து 1855இல் மறைந்த கணித மேதை காஸின் மூளையை அங்கே பாதுகாத்து வைத்திருக்கிறார்கள். ஆனால் காஸின் பெயர் எழுதிய ஜாடியில் இருந்தது, அதே ஆண்டில் இறந்த ஃபூக்ஸ் என்ற மருத்துவரின் மூளை என்பதும், ஜாடிகள் எப்போதோ இடம் மாறிவிட்டன என்பதும் 2013இல்தான் தெரியவந்ததாம். “நாங்கள் 150 ஆண்டுகளுக்கும் மேலாகத் தவறாக நினைத்தோம், நீங்கள் மூன்று இரவுகள்தானே” என்றார்.

எங்கள் சிக்கல் தீர்ந்தது. அம்மாவின் சிக்கல் தீரவில்லை. பல்லில் வலி, இனிமேல் மனத்துக்குள்தான் பாடுவேன் என்று சொல்லி, காதொலிப்பானை மாட்டிக்கொண்டு வாயை மட்டும் அசைத்து வந்தேன். ஒவ்வொரு நாளும் அம்மா பாடி முடித்ததும், “இன்னிக்கு அவர் தட்டலையா?” என்று கேட்பார். தெருவுக்கே பதில் சொல்ல வேண்டிய நிலையில் இருக்கும் ஒரு தாயிடம் உண்மையைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஒரு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, ஓர் இரவு, கேமராவுக்குத் தெரியாமல் கையை நீட்டி நானே சுவரை இரண்டு முறை தட்டினேன். அம்மா பூரித்துப் போய்விட்டார்.

மறுநாள் காலையில் குளிர்சாதனப் பெட்டியில் புதிய மஞ்சள் சீட்டு ஒன்று இருந்தது. “நேற்றிரவு பன்னிரண்டு மணிக்குச் சுவரைத் தட்டினீர்கள். நான் குறட்டை விட்டேனா? மன்னிக்கவும்” என்று எழுதி, ஒரு சாக்லேட்டையும் சேர்த்து ஒட்டியிருந்தார்.