உப்புக் காற்றில் மூன்று நாள்: கீழக்கரை, பாம்பன், தனுஷ்கோடி

முதலில் ஆட்டோ விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மனசு ஆறாது. ராமேஸ்வரம் பஸ் ஸ்டாண்டிலிருந்து கோவில் பக்கம் உள்ள லாட்ஜுக்கு மிஞ்சிப்போனால் இரண்டு கிலோமீட்டர். 250 ரூபாய் கேட்டார் ஒருவர். "லீவு சீசன் சார், இதுதான் ரேட்டு" என்றார். அடுத்த வண்டிக்காரரும் அதையே சொன்னார். கூட வந்த மேஸ்திரி அண்ணனுக்கு 62 வயது. மத்தியான வெயிலில் அவரை நடக்கவைக்க மனம் வராமல் கொடுத்துவிட்டேன். இறங்கிய பிறகுதான் தெரிந்தது, அதே பஸ் ஸ்டாண்டிலிருந்து கோவிலுக்கு டவுன் பஸ் ஓடுகிறது. நீங்கள் போனால் பத்து நிமிடம் நின்று அதில் ஏறுங்கள். இரண்டு பேருக்கு மூன்று நாளைக்கு ஆபீஸில் தந்த அட்வான்ஸ் மொத்தமே 6,000 ரூபாய். அதில் 250 இப்படிப் போனது இன்னும் உறுத்துகிறது.

எதற்குப் போனோம் என்று சொல்லவில்லையே. மதுரையில் ஏழு பேர் உள்ள ஒரு கட்டிடக்கலை அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். கல்லூரி, பல்கலைக்கழகக் கட்டிடங்கள்தான் எங்களுக்குப் பிரதானம். அந்தந்த ஊர் வெயிலுக்கும் காற்றுக்கும் தோதாக, கரண்டும் சிமெண்டும் குறைவாகத் தின்கிற மாதிரி கட்டவேண்டும் என்பது எங்கள் பிடிவாதம். இப்போது ஒரு பல்கலைக்கழகம் கடலியல் மாணவர்களுக்கு ஒரு நூலகமும் 300 பேர் தங்கும் விடுதியும் கேட்டிருக்கிறது. இடம் ராமநாதபுரம் மாவட்டக் கடற்கரையில், பெரியபட்டினம் பக்கம். "ஒரு கோடு போடுறதுக்கு முன்னாடி அந்தக் கரையில நிக்கிற கட்டிடத்தையெல்லாம் தொட்டுப் பார்த்துட்டு வாங்க" என்று எங்கள் சீனியர் மேடம் எங்கள் இருவரையும் அனுப்பினார்.

எப்படிப் போவது, எங்கே தங்குவது, எவ்வளவு ஆகும் என்று வரிசையாக எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் ஒரு தூண் கண்ணுக்குள்ளேயே நிற்கிறது.

முதல் நாள், கடலோர ரோட்டில் இருக்கும் ஒரு கல்லூரி. பெயர் வேண்டாம். கட்டி பதினைந்து வருடம்தான் ஆகிறது என்றார் வாட்ச்மேன். முகப்பு முழுக்க நீலக் கண்ணாடி, பக்கத்தில் வெள்ளி நிற ஏசிபி ஷீட் (அலுமினியப் பூச்சுப் பலகை), மொட்டை மாடியில் சோலார் பேனல். மேஸ்திரி அண்ணன் முகப்பைப் பார்க்கவே இல்லை. நேராகப் பின்பக்கம் போய், கடலைப் பார்த்த ஒரு தூணை விரல் முட்டியால் தட்டினார். சத்தம் பொத்தலாக வந்தது. இன்னொரு தட்டு. உள்ளங்கை அளவு காங்கிரீட் பெயர்ந்து காலடியில் விழுந்தது. உள்ளே கம்பி வெங்காயச் சருகு மாதிரி ஏடு ஏடாக உரிந்துகிடந்தது. ஒரு ஏட்டை நகத்தால் சுரண்டினேன், பொடியாகி விரலில் ஒட்டியது.

உப்புக் காற்றில் இருக்கும் குளோரைடு காங்கிரீட்டின் நுண்துளை வழியாக மெல்ல உள்ளே போகும். கம்பியை எட்டியதும் துரு ஆரம்பிக்கும். துரு இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும். உள்ளிருந்தே நெட்டித் தள்ளி மேல் காங்கிரீட்டை உடைத்துவிடும். இதற்காகத்தான் காங்கிரீட்டுக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 456, கடல் தெறிப்பு படுகிற இடத்தில் கம்பிக்கு மேல் 50 மில்லிமீட்டர் கவர், அதாவது கம்பியை மூடும் காங்கிரீட், வைக்கச் சொல்கிறது. இந்தத் தூணில் அளந்தேன்: 20 கூடத் தேறவில்லை. "கலவையும் போர்த் தண்ணியில போட்டிருப்பாங்க தம்பி. வெளியில இருந்து உப்பு வரவே வேண்டாம், உள்ளேயே வச்சுக் கட்டியாச்சு" என்றார் அண்ணன்.

நாங்கள் நிற்கும்போதே கரண்டு போனது. ஐந்து நிமிடத்தில் வகுப்பு மொத்தமும் வெளியே வந்துவிட்டது. கண்ணாடி திறக்காது, ஏசி நின்றால் உள்ளே மூச்சு முட்டும். "கரண்டு போச்சுன்னா புள்ளைக எல்லாம் இந்த வேப்பமரத்தடிக்கு வந்துருவாக சார்" என்றார் வாட்ச்மேன். மரத்தடியில் காற்று அள்ளிக்கொண்டு போனது. எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி மாளாது. கமுதியில் 648 மெகாவாட் சூரிய மின் நிலையம் இருக்கிற மாவட்டம் இது. வெயிலுக்குப் பஞ்சமே இல்லை. அதற்காகக் கண்ணாடிப் பெட்டியைக் கட்டி, அதைக் குளிரவைக்க ஏசி போட்டு, அந்த ஏசிக்கு மாடியில் நாலு பேனல் வைத்துவிட்டால் அதைப் பசுமைக் கட்டிடம் என்று எப்படிச் சொல்வது? சும்மா கிடைக்கிற காற்றை வாசலிலேயே நிறுத்திவிட்டார்களே.

கீழக்கரைக்குப் போன மினி பஸ்ஸைப் பற்றி ஒன்று மட்டும். கடைசி சீட்டில் உட்காராதீர்கள், பலகை கழன்று கிடக்கிறது. என் இடுப்பு இன்னும் சரியாகவில்லை.

ஆனால் கீழக்கரை எல்லா வலியையும் மறக்கடித்தது. வள்ளல் சீதக்காதி காலத்தோடு சேர்த்துச் சொல்லப்படும் பழைய ஜும்ஆ பள்ளிக்கு அனுமதி கேட்டுப் போனோம். முழுக்கக் கல் தூண். கோவில் மண்டபம் பார்த்துப் பழகிய கண்ணுக்கு உடனே நெருக்கமாகிவிடும். வெளியே தார் ரோடு கொதிக்கிறது, உள்ளே தரை ஜில்லென்று இருக்கிறது. ஆழமான நிழலும் கனமான கல்லும் காற்றுக்கு வழியும் இருந்தால் போதும் என்று புத்தகத்தில் படித்ததை உள்ளங்காலால் படித்தேன். தெருவிலும் பழைய வீடுகளுக்குத் தடித்த சுவர், நடுவில் முற்றம், பனங்கை பரப்பிய கூரை. பனங்கையைத் தட்டிக் காட்டி, "வைரம் பாய்ஞ்ச பனை, உப்புக்கு அசையாது" என்றார் அண்ணன். பனைக்குப் பேர்போன மாவட்டத்தில் கூரைக்கு இரும்புத் தகடு வாங்குகிறோம் என்பது எனக்கு வருத்தமாகவே இருந்தது.

அங்கே சாப்பிட்ட நெய்ச்சோறு! ஒரு சின்னக் கடை, ஐந்து மேசை. நெய்ச்சோறு, மட்டன் குழம்பு, தாளித்த பருப்பு. அண்ணன் இரண்டாம் தடவை சோறு கேட்க, கடைக்காரர் "வாங்கிக்கிருங்க, கணக்கெல்லாம் பாக்காதீக" என்று இன்னொரு கரண்டி குழம்பும் ஊற்றினார். இரண்டு பேருக்கு 340 ரூபாய். ஆட்டோவுக்குக் கொடுத்த 250-ஐ நினைத்துக்கொள்ளுங்கள். வரும்போது தொதல் வாங்கினோம், தேங்காய்ப்பாலும் கருப்பட்டியும் போட்டுக் கிண்டியது. கீழக்கரை போய்த் தொதல் வாங்காமல் வருவது பாவம்.

இரண்டாம் நாள் தனுஷ்கோடி. ஜீப், வேன் என்று ஆள் பிடிப்பார்கள். அரசு பஸ்ஸே அரிச்சல்முனை வரை போகிறது, அதில் போங்கள். 1964 டிசம்பர் 22 இரவு வந்த புயலில் ஊரே போயிற்று, பாசஞ்சர் ரயிலே கடலுக்குள் போயிற்று. எல்லோரும் அந்த இடிந்த தேவாலயத்தின் முன்னால் செல்ஃபி எடுக்கிறார்கள். நாங்கள் ஒரு மணி நேரம் சுவரைப் பார்த்தோம். முருகைக்கல்லும், அதாவது பவளப்பாறைக் கல்லும், சுண்ணாம்பும். கல்லுக்குப் பக்கத்தில் கண்ணை வைத்துப் பார்த்தால் பூப்பூவாகப் பவளப் பூச்சி வாழ்ந்த குழிகள், ஒவ்வொன்றிலும் மணல் அடைத்திருக்கிறது. கூரை போய்விட்டது. அறுபது வருடக் காற்றையும் உப்பையும் வாங்கிக்கொண்டு சுவர் நிற்கிறது. "பாருங்க தம்பி, இதுல ஒரு கம்பி கிடையாது. துருப்பிடிக்க என்ன இருக்கு?" என்றார் அண்ணன்.

இந்தப் பயணத்தில் எனக்குக் கிடைத்ததிலேயே பெரியது அந்த வார்த்தைதான். இந்தக் கரையில் இரும்பு எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு ஆயுள் கூடும். அதற்காக முருகைக்கல்லுக்குத் திரும்ப முடியாது, திரும்பவும் கூடாது. பவளத்தை வெட்டி வெட்டி எடுத்ததில் மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளில் இரண்டு மூழ்கியே போயின. அதில் பூவரசன்பட்டி கீழக்கரைக்கு எதிர்ப்பட்ட வரிசையில் இருந்தது. தேசியப் பூங்காவாக 1986-இலேயே அறிவித்தாயிற்று, பவளத்தைத் தொட்டால் சட்டப்படி குற்றம். நாம் எடுக்கவேண்டியது கல்லை அல்ல, கட்டுமுறையை: சுவரே எடை தாங்கட்டும், திறப்புகளுக்கு மேல் செங்கல் வளைவு வரட்டும், பூச்சு சுண்ணாம்பில் இருக்கட்டும். தவிர்க்க முடியாத சிலாபுக்கும், சுவரைச் சுற்றிக் கட்டும் காங்கிரீட் பெல்ட்டுக்கும் மட்டும் கம்பி, அதுவும் முழு கவரோடு. பாம்பனில் 2025 ஏப்ரலில் திறந்த புதிய ரயில் பாலத்துக்குத் துருப்பிடிக்காத எஃகுக் கம்பி போட்டிருக்கிறார்கள். பாலத்துக்கு அந்தச் செலவு சரி. விடுதிக்கு அவ்வளவு பணம் எந்தப் பல்கலைக்கழகமும் தராது, எனவே இரும்பைக் குறைப்பதுதான் எங்களுக்கு வழி.

பல்கலைக்கழகத் தரப்பில் "செங்கல்லில் கட்டினால் பழைய காலம் மாதிரி இருக்குமே" என்று ஏற்கெனவே ஒரு குரல் வந்திருக்கிறது. அவர்களை ஒருமுறை திருவனந்தபுரம் அழைத்துப்போக வேண்டும். அங்கே உள்ளூர் என்ற பகுதியில் இருக்கும் வளர்ச்சி ஆய்வு மையத்தைக் கட்டிடக்கலைஞர் லாரி பேக்கர் 1970களில் கட்டினார். பூசாத செங்கல், சுவரிலேயே ஓட்டை விட்டு ஓட்டை விட்டு அடுக்கிய ஜாலி. ஈரக்காற்று ஊர்தான் அதுவும். அந்த நிழலில் உட்கார்ந்து படித்துப் பார்த்தவர்கள் கண்ணாடி கேட்கமாட்டார்கள்.

பாம்பனில் வலை பின்னிக்கொண்டிருந்த ஒரு பெரியவரிடம் காற்றைப் பற்றிக் கேட்டேன். "இப்ப சோளகம் தம்பி, தெக்க இருந்து வரும். ஐப்பசி பொறந்துட்டா வாடை, வடக்க இருந்து. ரெண்டுக்கும் சன்னல் வைங்க, மேற்க மட்டும் அடைச்சிருங்க" என்றார். எங்கள் தொழிலில் சாஃப்ட்வேர் வாங்கிப் போடுகிற காற்றுக் கணக்கை அவர் ஊசியைக் கீழே வைக்காமல் சொல்லி முடித்தார். நான் ஒன்று மட்டும் சேர்த்துக்கொள்கிறேன். "வடக்குப் பக்கம் வெயில் வராது, சன்ஷேடு வேண்டாம்" என்று பாடப்புத்தகம் சொல்வது இங்கே செல்லாது. இந்தக் கரை 9 டிகிரி அட்சரேகையில் இருக்கிறது. சித்திரை பிறக்கும் வாரத்தில் சூரியன் உச்சந்தலைக்கு வந்து, அங்கிருந்து ஆகஸ்ட் கடைசி வரை வடக்கே சாய்ந்தே நிற்கும். அந்த மாதங்களில் உச்சி வெயில் வடக்குச் சுவர்ப் பக்கம்தான். இரண்டு பக்கமும் தாழ்வாரம் வேண்டும்.

மூன்றாம் நாள் எங்கள் மனைக்குப் போனோம். உடைமர முள்ளும் பனையும் மணலும். கடலை ஒட்டிய 200 மீட்டரில் எதுவும் கட்டக்கூடாது என்பதால் அதை அப்படியே விடுகிறோம். அந்த மணலில் ஒரு அம்மா முழங்கால் ஆழக் குழிக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, சிரட்டையால் தண்ணீரை மொண்டு மொண்டு குடத்தில் ஊற்றிக்கொண்டிருந்தார். ஊத்து. ஒரு குடம் நிறைய இருபது நிமிடம். அண்ணன் ஒரு கை வாங்கிக் குடித்துவிட்டு என்னைப் பார்த்தார். நானும் குடித்தேன். இளநீர் மாதிரி இருந்தது, கடல் கூப்பிடு தூரத்தில்.

"மேலாப்புல எடுத்தா நல்ல தண்ணி. ஆழத்துக்குப் போனா உப்பு" என்றார் அந்த அம்மா. மழைத் தண்ணீர் எடை குறைவு, உப்புத் தண்ணீருக்கு மேலே மெல்லிய படலமாக மிதக்கிறது. அதில் மோட்டார் வைத்து இழுத்தால் கீழே இருக்கும் உப்பு மேலே ஏறிவிடும். அப்புறம் அவரே கேட்டார், "காலேசு கட்டப் போறீகளாமே, போர் போடுவீகளோ?"

எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. 300 பேருக்கு ஆளுக்கு 135 லிட்டர் என்றால் ஒரு நாளைக்கு 40,500 லிட்டர். அதை இங்கே போர் போட்டு எடுத்தால் இந்த ஊத்து ஒரு வருடம் தாங்காது.

திரும்பும் பஸ்ஸில் அண்ணனும் நானும் நோட்டில் கணக்குப் போட்டோம். ஆயிரம் சதுர மீட்டர் கூரையில் 800 மில்லிமீட்டர் மழை பெய்தால் 8 லட்சம் லிட்டர். எல்லாத் தேவைக்கும் என்றால் இருபது நாள்கூட வராது. குடிக்க, சமைக்க மட்டும் ஆளுக்குப் பத்து லிட்டர் என்று ஒதுக்கினால் எட்டு மாதத்துக்கு மேல் வரும். குளியலுக்கு ஊருணி, கழிவறைக்குக் குளித்த தண்ணீரைச் சுத்தம் செய்து திருப்பிவிடலாம். "ஊருணியை புரட்டாசிக்குள்ள வெட்டிருவோம். மழையில ரொம்பட்டும். தையில அந்தத் தண்ணிய வச்சே கலவை போடுவோம், கம்பிக்கும் நல்லது" என்றார் அண்ணன். கட்டிடத்துக்கு முன்னால் ஊருணி. நாங்கள் இதுவரை எந்த வேலையையும் இப்படி ஆரம்பித்ததில்லை.

ராமநாதபுரம் தாண்டும்போது மேடம் போன் செய்தார். "எலிவேஷன் யோசிச்சாச்சா?" என்று முகப்புத் தோற்றத்தைப் பற்றிக் கேட்டார். இன்னும் இல்லை மேடம், போர் போடுவதில்லை என்பது மட்டும் முடிவாகியிருக்கிறது என்றேன்.